சாக்குக்குள்ளே செலின்

அந்தோணி,

பெட்டியைத் திறந்து அந்த மண் சிலையை எடுத்துப் பார்க்கும்போது அதன் உள்ளே கோதுமை மாவு ஒட்டிக் காய்ந்திருந்தால், பக்கத்து வீட்டு மாஷியைச் சந்தேகப்படாதே, உன் அப்பாவையும் திட்டாதே. அது என் வேலை. ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கப்பல் ஏறுமுன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். நீ ஒரு சிரிப்புச் சிரித்து, “விடும்மா” என்று போயிருப்பாய். நான் விடுகிற ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். நீ மெயின்லாந்து போய், அந்தப் பீங்கான் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, தங்குகிற அறையில் பெட்டியைத் திறக்கும்போது என் சேலை மடிப்புக்குள் இந்தக் காகிதம் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. வெறும் வயிற்றில் படித்தால் உனக்குக் கோபம் வரும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. பெற்ற பிள்ளை மேல் தாய்க்குப் பொறாமையா என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்வார்களே, வயிறு வேறு என்றால் வயிற்றெரிச்சலும் வேறுதான். செத்துப்போன உன் அக்கா மேல் எனக்குப் பொறாமை இருந்தது. உயிரோடு இருக்கிற உன் மேல் இப்போதும் இருக்கிறது. உங்கள் இரண்டு பேரையும் பெற்றவள் நான். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பிறந்தவர்கள் மாதிரி நடந்துகொண்டீர்கள். இந்தச் சிலையிலும் அதைத்தான் செய்து வைத்திருக்கிறாய்.

சூளையிலிருந்து அதைக் கொண்டுவந்து நீ நம் வீட்டு வாசலில் வைத்த அன்று யார் யார் என்ன செய்தார்கள் என்பது எனக்கு மறக்காது. ஒரு முழ உயரத்தில் செக்கச்செவேலென்று மழைச் சாக்கு ஒன்று நின்றது. அதற்குக் கீழே நான்கு கால்கள், இரண்டு பெரியவை, இரண்டு சின்னவை. வேறு ஒன்றுமே இல்லை. மாஷி பார்த்த உடனே வாயில் கை வைத்துக்கொண்டு, “பில்குல் செலின்!” என்றாள், அச்சு அசல் உன் அக்காவேதானாம். வலது கால் கொஞ்சம் உள்ளே திரும்பியிருந்ததே, அந்தக் காலைப் பார்த்துத்தான் சொன்னாள். உன் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மழையில் ஒரே சாக்குக்குள் பள்ளிக்கூடம் போன அக்காவும் தம்பியும் என்று நம் லம்பா லைன் தெரு முழுக்க வந்து பார்த்தது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முகங்கள் எங்கே என்று கேட்டேன். “உள்ள இருக்கும்மா” என்றாய். குனிந்து பார்த்தேன். சாக்கின் வாய்க்குள்ளே இருட்டாக இருந்தது. யார் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே வைத்துச் செய்வதற்கு எதற்கு முகம்? மனசுக்குள் கேட்டுக்கொண்டேன், உன்னிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருந்தது. இதில் நான் எங்கே?

நாங்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து இந்தத் தீவுக்கு வந்தபோது செலின் கைக்குழந்தை. நீ இங்கேயே பிறந்தாய். அப்பாவுக்குத் தீவுக்குத் தீவு போகிற படகில் வேலை. போனால் எப்போது திரும்புவார் என்று கடலைத்தான் கேட்க வேண்டும். நான் மீன் கூடையைத் தூக்கினேன். விடிவதற்கு முன்னால் கரைக்குப் போய், மீன் எடுத்து, லம்பா லைன், டாலிகஞ்ச், பத்துபஸ்தி என்று நடந்து விற்று, வெயில் ஏறிய பிறகுதான் வீடு வருவேன். வருகிறபோது உனக்குக் குளிப்பாட்டி, தலை சீவி, சோறு ஊட்டி எல்லாம் முடிந்திருக்கும். முடித்தவள் உன்னைவிட ஏழு வயது மூத்த ஒரு சின்னப் பெண். அவளுக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல்.

ஒரு நாள் சுறாப்புட்டு செய்தேன், உனக்குப் பிடிக்கும் என்பதற்காகவே. கையால் பிசைந்து உருட்டி உன் வாயருகே கொண்டுவந்தால் நீ மூக்கைப் பொத்திக்கொண்டாய்.

“மீன் நாத்தம் அடிக்கு.”

“சுறாவ திங்குத வாயிக்கு மீன் நாத்தமால?”

“ஒங்கையி நாறுதும்மா. அக்கா பெசஞ்சி தரட்டும்.”

அவள் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த உருண்டையை வாங்கி உன் வாயில் போட்டாள். அதே உருண்டை, நான் பிசைந்தது, மிச்சம் வைக்காமல் தின்றாய். நான் பின்பக்கம் போய் எலுமிச்சம்பழத் தோலைக் கையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு பல நாள் அப்படிக் கழுவினேன். மீன் வாசனை போகிற கையா இது?

அந்தச் சாக்கு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மழை என்றால் வருஷத்தில் பாதி மழை. குடைக்கு ஏது வழி? அரிசிச் சாக்கை ஒரு மூலை உள்ளே தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவதுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கம். ஆளுக்கு ஒரு சாக்கு கொடுத்தேன். நீ உன்னுடையதை வழியிலேயே போட்டுவிட்டு அவளுடையதுக்குள் நுழைந்துகொள்வாய், இரண்டு பேரும் பாதிப் பாதி நனைந்து வருவீர்கள். கடைசியில் நான்தான் உட்கார்ந்து, இரண்டு சாக்கையும் பிரித்து, கிழிந்த வலையைச் சேர்க்கிற தையலில் வலை நூலால் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். பெரிய சாக்கு, இரண்டு பேருக்கும் தாராளமாகக் காணும். தைத்துக் கொடுத்த கையோடு அதற்காக வருத்தப்பட்டேன். அந்தச் சாக்கு உங்கள் வீடாகிவிட்டது. மழை இல்லாத நாளிலும் மூலையில் அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுவீர்கள், சிரிப்பீர்கள். நான் பக்கத்தில் வந்தால் ஹிந்திக்கு மாறிவிடுவீர்கள்.

“சுப் கர், அம்மா ஆ கயி” என்று அவள் சொல்வாள். சும்மா இரு, அம்மா வந்துவிட்டாள் என்று அர்த்தமாம்.

“என்னட்டி சிரிப்பு?” என்று நான் கேட்பேன்.

“ஒண்ணுமில்லம்மா.”

எனக்கு அப்போது தெரிந்த ஹிந்தி எல்லாம் மீன் பேரும் விலையும்தான். பள்ளிக்கூடத்தில், தெருவில், வங்காளிப் பிள்ளைகளோடும் மலையாளத்துப் பிள்ளைகளோடும் பேசிப் பேசி உங்களுக்கு அது வாயில் ஊறிய பாஷை. எனக்குப் பிறந்த பிள்ளைகள் என் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்குப் புரியாத பாஷையில் சிரித்தார்கள். அந்த “ஒண்ணுமில்ல” என்னை எவ்வளவு அறுத்தது என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். நாளைக்கு உனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்கள் மூலையில் உட்கார்ந்து சிரிக்கிறபோது உன் பெண்டாட்டி வந்து என்ன என்று கேட்டால், ஏதாவது ஒரு பொய்யாவது சொல்லச் சொல். ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்ல விடாதே.

பிறகு அவளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. அப்பா படகில், தெற்குத் தீவுப் பக்கம். மலேரியா தலைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவர்கள் செய்ய முடிந்ததெல்லாம் செய்தார்கள். உன்னை மாஷியிடம் விட்டுவிட்டு நான் ஆஸ்பத்திரியில் செலின் கட்டிலை விட்டு நகரவில்லை. அவள் கண்ணைத் திறக்காமல் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். “அந்தர் ஆஜா, அந்தோணி. அந்தர் ஆஜா.” நான் குனிந்து, “அம்மா இருக்கேன்ட்டி, அம்மாவப் பாரு” என்றேன். அவள் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரியிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். உள்ளே வா என்று கூப்பிடுகிறாள் என்றாள். எங்கே உள்ளே என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மழை பெய்கிறது, நீ நனைகிறாய், சாக்குக்குள் வா என்று கூப்பிட்டாள். சாகிறபோதும் உன்னைத்தான் கூப்பிட்டாள். பத்து மாதம் சுமந்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், என் பேர் அவள் வாயில் ஒரு தடவை வரவில்லை.

அடக்கத்துக்கு வந்த பெண்கள் எல்லோரும் உன்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள். “அக்காவ விட்டுட்டு இந்தப் பய எப்பிடி இருப்பான்” என்றார்கள். என்னிடம் வந்து, “ஒண்ணு இருக்குல்லா, அதுக்காவ மனச தேத்திக்க” என்றார்கள். துக்கத்துக்குச் சொந்தக்காரன் நீ, நான் ஏதோ சாட்சிக்கு வந்தவள் மாதிரி ஆகிவிட்டது. எட்டு வயசுப் பிள்ளையின் துக்கத்தோடு போட்டி போட்டேன் என்றால் உனக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அவள் படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் புதுநன்மைக்கு, நீ முதல் தடவை நற்கருணை வாங்குகிற அன்றைக்கு, ஸ்டூடியோவில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தோம், அதற்குள் அவள் போய்விட்டாள். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவள் முகம் எனக்கு அழிந்துகொண்டே வந்தது. குரல் இருக்கிறது, நடை இருக்கிறது, தலையில் தேய்த்த எண்ணெய் வாசனைகூட இருக்கிறது. முகத்தை நினைத்தால் என் தங்கை முகம் வந்து நிற்கும், மாஷி மகள் முகம் வந்து நிற்கும். தெருவில் யாராவது ஒரு பெண் சிரித்தால் அதை எடுத்து அவளுக்கு ஒட்டிப் பார்ப்பேன். ஒட்டாது. யாரிடம் சொல்ல முடியும் இதை? பெற்ற பிள்ளையின் முகம் மறந்தது என்று எந்தத் தாய் வாயைத் திறப்பாள்?

நீ மாஷி வீட்டுக்காரரோடு வங்காளிகளின் பூஜைக்குச் சிலை செய்யப் போனபோது அப்பா கோவித்துக்கொண்டார், நம் கோவில் கிறிஸ்துமஸ் குடிலுக்குச் செய்யாதவன் அவர்கள் சாமிக்குச் செய்கிறானே என்று. நானோ ஏதோ கைக்கு ஒரு வேலை என்று நினைத்தேன். அக்காவைச் செய்யப் போகிறேன் என்று நீ தொடங்கியபோதுதான் என் வயிறு எரிந்தது. நீ கழிமுகத்து மண்ணை எடுத்து, டாலிகஞ்ச் பக்கம் செங்கல் சூளையில் கெஞ்சிக் கேட்டு ஓர் ஓரத்தில் வைத்துச் சுட்டாய். நன்றாகத்தான் வெந்து வந்தது. ஒரு வாரம் மழை பெய்தது, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பொரிந்து, தானாகப் பிளந்தது. யாரோ போட்டு உடைத்துவிட்டார்கள் என்று நீ கத்தினாய். மறுபடி செய்தாய், மறுபடியும் பிளந்தது. நான் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற ஊரில் பிறந்தவள். கரை மண்ணில் பவளத் துண்டும் சிப்பித் துண்டும் கிடக்கும், சூளையில் அது சுண்ணாம்பாகிவிடும், ஈரம் குடித்தால் ஊதி வெடிக்கும் என்று முதல் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. உனக்கும் அவள் நிற்கவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அது எத்தனை நாள் தாங்கும்? இரண்டாவது தடவை நீ அந்தச் சில்லுகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, சோறு வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தாய். எட்டு வயதில், அவள் போன பிறகு, சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதே உட்கார்வு. மறுநாள் மீன் விற்று முடித்ததும் டாலிகஞ்சைத் தாண்டி உள்ளே நடந்து, வயல் வரப்போரத்தில் கேட்டு வாங்கிய களிமண்ணைக் கூடையில் நிரப்பிக்கொண்டு வந்தேன். “இந்த மண்ணுல செய்யி. சிப்பி கெடக்காது” என்று போட்டேன். நீ மண்ணைப் பார்த்தாயே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. “மீன் வாசம் அடிக்கும்மா” என்றாய். அடிக்கட்டும். அந்த மண்ணில் செய்ததுதான் பிளக்காமல் நின்றது. இரண்டாவது தடவையும் அவளைச் சுமந்தவள் நான்தான்.

இப்போது மாவுக் கதைக்கு வருகிறேன். நேற்று நீயும் அப்பாவும் கப்பல் டிக்கெட்டுக்காகப் போயிருந்தீர்கள். நான் பெட்டியைத் திறந்து சிலையை எடுத்தேன். முதலில் அதை ஒளித்து வைக்கத்தான் எடுத்தேன், அதையும் மறைக்கவில்லை. உனக்குக் கை இருக்கிறது, வேறு ஒன்று செய்துகொள்வாய், எனக்கு என்ன இருக்கிறது? அரிசி டிரம்மில் இறக்கி, மேலே அரிசியைத் தள்ளி மூடினேன். கடைசியாகச் சாக்கின் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. அதன் மேல் ஒரு கை அரிசியைப் போட்டபோது, அன்றைக்குக் கல்லறையில் ஒரு கை மண் போட்டது நினைவுக்கு வந்து கை நின்றுவிட்டது. திரும்ப எடுத்துவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டு சாக்கின் வாய்க்குள் விரலை விட்டேன்.

முதலில் ஒரு மூக்கு தட்டுப்பட்டது, சின்ன மூக்கு, அது நீ. அதற்கு எதிரே இன்னொன்று. தடவிக்கொண்டே போனேன். கன்னம், காது. அந்தக் காது மடல் கீழே பிளந்திருந்தது. அந்தோணி, அது எனக்கு மறந்தே போயிருந்தது! நீ தவழ்கிற வயதில் அவள் கம்மலைப் பிடித்து இழுத்துக் கிழித்த காது. அந்தப் பிளவில் விரல் பட்ட உடனே, எங்கிருந்தோ கண் வந்தது, புருவம் வந்தது, சிரித்தால் ஒரு பக்கம் ஏறுகிற உதடு வந்தது. விரலில் இருக்கிறது முகம், கண்ணுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. உனக்கு மண் பிசையத் தெரிந்தால் எனக்கு மாவு பிசையத் தெரியாதா? சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்ததை ஒரு பிடி எடுத்து உள்ளே விட்டு, அவள் முகத்தில் அமுக்கி, மெல்ல வெளியே எடுத்தேன்.

மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் குழி. கண் இருக்க வேண்டிய இடத்தில் மேடு. வெளியே வரும்போது சாக்கின் விளிம்பில் இடித்து வாய் காதுவரை போய்விட்டது. சேப்பங்கிழங்கு மாதிரி ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பெற்றவள் பிள்ளை முகத்தைத் திருடிய அழகைப் பார் என்று எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து அழுகையில் முடிந்தது. பிறகு உள்ளே ஒட்டியிருந்த மாவை வலை ஊசியால் சுரண்டினேன். கண்ணுக்குள் கொஞ்சம் நின்றுபோயிருக்கும், அதைத்தான் முதலிலேயே சொன்னேன். ஈரத் துணி போட்டுத் துடைத்துவிடு. கண், பார்த்துத் துடை.

அப்படிச் சுரண்டுகிறபோதுதான் சாக்கின் உள்பக்கம், அவள் தலைக்குப் பின்னால், ஊசி எதிலோ தடுக்கியது. விரலால் பார்த்தேன். மேலிருந்து கீழே வரிசையாகத் தையல். வலைத் தையல். கடைசியில் இரட்டை முடிச்சு. நான் போடுகிற முடிச்சு அது, இந்தத் தீவில் வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள். நூல் நூலாக மண்ணில் வைத்திருக்கிறாய். நான் எங்கே என்று கேட்காத கேள்விக்கு நீ எப்போதோ பதில் வைத்துவிட்டு, சொல்லாமல் இருந்திருக்கிறாய். அதற்காக நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதே. வெளிப்பக்கம் வைத்திருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? மாஷியும் பார்த்திருப்பாள், லம்பா லைனும் பார்த்திருக்கும். யாரும் பார்க்காத இடத்தில் அம்மாவை வைப்பதில் நீயும் உன் அக்காவும் ஒன்றுதான்.

சிலையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். என் நல்ல சேலையில் சுற்றியிருக்கிறேன், சிலை உடையாமல் வருவதற்காகத்தான் அது, சேலையை யாருக்கும் கொடுத்துவிடாதே. எடுத்துக்கொண்டு போ. அவள் உன்னைத்தானே உள்ளே கூப்பிட்டாள். வேளைக்குச் சாப்பிடு. ஆலையில் தூசிக்கு மூக்கில் துணி கட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாவிட்டாலும் போனேன் என்று எழுது, அப்பாவுக்காக. உன் கை பெரிய கை. பிளந்த காதைப் பதினாலு வருஷம் விரலில் வைத்திருந்த கை. பொறாமையோடுதான் சொல்கிறேன், ஆனால் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று. சிலைக்குள்ளே அவள் வாய் திறந்திருக்கிறது, விரலில் தெரிந்தது. உன் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், நீ சிரிக்கிறாய். என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுதலாம் என்று நினைத்தேன். வேண்டாம், சொல்லாதே. உனக்கு முன்னால் அவளிடம் போகப் போகிறவள் நான். நேரே அவளிடமே கேட்டுக்கொள்வேன். ஹிந்தியில் சொல்லித் தப்பிக்க முடியாது, இத்தனை வருஷத்தில் எனக்கும் ஹிந்தி வந்துவிட்டது. நானும் அவளும் அந்தச் சாக்குக்குள் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுவோம், சிரிப்போம். நீ அவசரப்படாமல், பேரன் பேத்தி எல்லாம் பார்த்து, கிழவனாகி, மெதுவாக வா. வந்து வெளியே நின்று, “என்னம்மா சிரிப்பு?” என்று கேட்பாய். இரண்டு பேரும் சேர்ந்து, “ஒண்ணுமில்லல” என்போம்.

கொஞ்ச நேரம் நீ மழையில் நனைந்துகொண்டு நில். அப்புறம் நானே உன்னை உள்ளே கூப்பிடுகிறேன்.

அம்மா